சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆனால் கிரியாட்டினின் ஏறுகிறது: டெல்டா வயல் வேலைக்காரர்களை எப்படிச் சோதிப்பது?

வெண்ணாற்றங்கரை மருத்துவர்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே பொது மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நடவாட்கள், மருந்து அடிப்பவர்கள், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். மற்ற மருத்துவர்களோடு, மருந்துக்கடை, லேப் வைத்திருப்பவர்களும், வயல் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் இதில் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஒரு நோயாளியைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 48 வயது அம்மா. முழங்கால் வலி, இடுப்பு வலி. "ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு நடவு இருக்கு" என்று வந்தார். பிரஷர் 110/70. சர்க்கரை இல்லை. சிறுநீரில் புரதம் இல்லை. வீட்டில் யாருக்கும் கிட்னி நோய் கிடையாது. கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் வெளுத்திருந்தது. ரத்தச் சோகைக்காக எடுத்த ரத்தத்திலேயே கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, அது தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும்) பார்க்கச் சொன்னேன். 1.6 வந்தது. அவர் வயதுக்குக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 40-ஐ ஒட்டி நிற்கிறது, 60-க்குக் கீழே போனாலே குறைவு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சற்றுச் சுருங்கியிருக்கின்றன. கால் வீக்கமோ மூச்சிரைப்போ எதுவும் கிடையாது. நடவுக் காலம் முழுக்கத் தினம் ஒரு வலி மாத்திரை போடுகிற பழக்கம் மட்டும் பல வருஷமாக உண்டு.

ஒருவரோடு நின்றிருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன். 2025-இல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்காசிய இதழில் தமிழக விவசாயத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. 125 கிராமங்கள், 3,350 பேர். 5.31 சதவீதம் பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய். அதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வழக்கமாகச் சொல்லும் காரணம் எதுவும் இல்லை. வெயிலில் நின்று உழைப்பதோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள்.

நம் பாடப்புத்தகம் கிட்னி நோயைச் சர்க்கரைக்காரரிடமும் பிரஷர்காரரிடமும் தேடச் சொல்கிறது. ஒல்லியாக, சர்க்கரை இல்லாமல், பிரஷர் குறைவாக வருகிற நடவாளை நாம் தேடவே மாட்டோம். அவரோ நம்மிடம் வலிக்கு ஊசி கேட்டுத்தான் வருகிறார். வயல் வேலை செய்பவருக்கு வலி மருந்து எழுதும் முன் ஒரு கிரியாட்டினின் பார்ப்பதைப் பொது மருத்துவத்தில் வழக்கமாக்க வேண்டும் என்பது என் கருத்து. எப்படி, யாருக்கு, எவ்வளவு செலவில் என்பதைப் பேசுவோம்.

வலங்கைமான் பி.எச்.சி.

டாக்டர், நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் இருக்கிறேன்.

2023-இலிருந்து எங்களிடம் சிறுநீரில் புரதம் பார்க்கும் சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம் நடக்கிறது. குச்சியை நனைத்து நிறம் பார்க்கும் சோதனை. சர்க்கரையால் கெடும் சிறுநீரகத்தைப் பிடிக்க அது மிக நல்ல வழி, செலவும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் வகையில் முதலில் அடி வாங்குவது சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும். வடிகட்டிச் சல்லடை ரொம்ப நாள் நன்றாகவே இருக்கும். அதனால் புரதம் ஒழுகாது, ஒழுகினாலும் கொஞ்சம்தான். குச்சி "இல்லை" என்று காட்டும், நாமும் நிம்மதியாக அனுப்பிவிடுவோம். உங்கள் நோயாளிக்கும் புரதம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். வயல்காரர்களுக்குக் குச்சி போதாது, ரத்தம் எடுத்தே ஆக வேண்டும்.

அதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கிரியாட்டினினை வைத்து யாருக்கும் "கிட்னி ஃபெயிலியர்" என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட நோய் என்று பெயர். நீங்கள் சொன்ன அதே ஆய்வில் முதல் முறை வடிகட்டும் வேகம் குறைவாகத் தெரிந்த பலருக்கு, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சரியாக இருந்தது. மத்தியானம் வயலில் இருந்து நேராக வந்தவரிடம் ரத்தம் எடுத்தால் தண்ணீர் வற்றியதால் மட்டுமே எண் ஏறியிருக்கும். இங்கே அந்த வார்த்தையைக் கேட்டதுமே தாலியை அடகு வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

வெண்ணாற்றங்கரை மருத்துவர்

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்பச் சரியாகிவிட்டது என்பதாலேயே அதை விட்டுவிட முடியாது. வருஷா வருஷம் வேலைக் காலத்தில் ஏறி, ஓய்வில் இறங்குகிற அந்தச் சின்னச் சின்ன அடிகள் சேர்ந்துதான் பின்னால் தழும்பாகின்றன என்பது மத்திய அமெரிக்கக் கரும்பு வெட்டுபவர்களைக் கவனித்தவர்களின் வலுவான சந்தேகம். இந்த நோயைப் பற்றி எல் சால்வடோரில் 2002-இல் முதலில் எழுதப்பட்டது. அங்கேயும் வாலிப வயது ஆண்கள், சர்க்கரை இல்லை, புரதம் அதிகம் இல்லை. அதனால் முதல் எண் ஏறி இரண்டாவது இறங்கியிருந்தால் "ஒன்றும் இல்லை, போங்க" என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த நடவுக்கு முன் வரச் சொல்வேன்.

லோடுமேன் மகன்

வணக்கம். நான் டாக்டர் இல்லை. அப்பா கொள்முதல் நிலையத்துல இருபது வருஷமா மூட்டை தூக்குறார். 40 கிலோ மூட்டை, சீசன்ல ஒரு நாளைக்கு எத்தனைன்னு கணக்கே கிடையாது. மேல தகரம், கீழ நெல்லுச் சூடு. ராத்திரி வந்ததும் மெடிக்கல்ல உடம்பு வலி செட்டு வாங்கிப் போட்டுட்டுத்தான் படுப்பார். இந்த இழையப் பார்த்துட்டு ஞாபகம் வந்து, போன முகாம்ல எடுத்த ரிப்போர்ட்டத் தேடி எடுத்தேன். கிரியாட்டினின் 1.3. பக்கத்துல நார்மல் 0.7 முதல் 1.4ன்னு அச்சடிச்சிருக்கு. அப்ப பயப்பட ஒண்ணும் இல்லதானே? அப்பாவுக்கு 57.

குடந்தை லேப்

தம்பி, லேப் நடத்துறவன் என்ற முறையில் இதுக்கு நான் பதில் சொல்றேன்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருது. தசை அதிகம் உள்ளவருக்கு இயல்பாகவே கொஞ்சம் கூட இருக்கும், ஒல்லியான அம்மாவுக்குக் குறைவா இருக்கும். அதனால ரிப்போர்ட்ல அச்சடிச்ச நார்மல் எல்லாருக்கும் பொருந்தாது. வயசு, ஆணா பெண்ணா என்பதைச் சேர்த்து வடிகட்டும் வேகத்தைப் போடும் கணக்கு ஒண்ணு இருக்கு, ஈ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். 2021-இல் திருத்திய சூத்திரத்தில் போட்டுக் காட்டுறேன். கிரியாட்டினின் 1.1 என்று வையுங்க. 25 வயசு பையனுக்கு அது 96. நல்லா இருக்கு. அதே 1.1, 55 வயசு அம்மாவுக்கு 59. 60-க்குக் கீழ போயாச்சு. ரெண்டு ரிப்போர்ட்லயும் சிவப்பு எழுத்து எதுவும் வராது, ரெண்டு பேரும் "நார்மல்"னு வீட்டுக்குப் போவாங்க.

உங்க அப்பாவுக்கு 57 வயசு, 1.3 என்றால் 64 வருது. பயப்படும்படி இல்லை. ஆனா மூட்டை தூக்கும் சீசன்ல எடுத்ததா, ஓய்வுல எடுத்ததா என்று தெரியணும். தசைக்காரர் என்பதையும் டாக்டர் கணக்கில் எடுத்துக்குவார். வலி மாத்திரைய நிறுத்திட்டு, நல்லா தண்ணி குடிச்சு, வேலைக்குப் போகாத நாள் காலையில மறுபடி ஒருமுறை பாருங்க.

லேப் நண்பர்களுக்கு: கிரியாட்டினின் போட்டால் கீழேயே ஈ.ஜி.எஃப்.ஆர். அச்சடியுங்கள். கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொள்ளும், ஒரு ரூபாய்கூட கூடுதல் செலவு கிடையாது. நாங்கள் அப்படித்தான் கொடுக்கிறோம்.

லோடுமேன் மகன்

ரொம்ப நன்றி சார். சீசன்லதான் எடுத்தது. அப்பாகிட்ட சொன்னேன், மாத்திரை இல்லாம எப்படிடா மறுநாள் எழுந்திரிக்கிறதுன்னு கேக்குறார். அதுக்கு என்ன பதில் சொல்றது?

குடவாசல் பார்மசி

அந்தக் கேள்விதான் எங்கள் கவுன்ட்டரில் தினமும் நிற்கிறது. பதினைந்து வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பார்மசிஸ்ட் படிப்பு படித்தவன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்து பாருங்கள். "உடம்பு வலிக்கு ஒரு செட்டுக் குடுங்க." செட் என்றால் அசெக்ளோஃபெனாக்கோ டைக்ளோஃபெனாக்கோ ஒன்று, பாராசிட்டமால், கேஸ் மாத்திரை, சில கடைகளில் ஒரு ஸ்டீராய்டும். அட்டை கிடையாது, வெட்டித் துண்டாகக் கொடுப்பதால் பேரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சட்டப்படி சீட்டு இல்லாமல் தரக்கூடாதவை. தரவில்லை என்றால் அடுத்த கடையில் தருவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் நான் ஸ்டீராய்டு கொடுப்பதில்லை, துண்டு வெட்டிக் கொடுப்பதும் இல்லை.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறு. டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதே செட்டைக் கேட்கிறார்கள். ஒன்று சிறுநீரகச் சல்லடையை விட்டு வெளியேறும் ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது, ஒன்று உடம்பு நீரை இறக்குகிறது, வலி மாத்திரை உள்ளே போகும் குழாயைச் சுருக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் அழுத்தமே இல்லாமல் போகும். 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 4,87,000-க்கும் மேற்பட்ட பிரஷர் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திடீர் சிறுநீரகக் காயம் 31 சதவீதம் அதிகம். முதல் முப்பது நாளில் அது 82 சதவீதம். அது குளிர் நாட்டுக் கணக்கு. நம்மூர் சித்திரை வைகாசியில் வேர்த்து வற்றிய உடம்புக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தம்பி, அப்பாவுக்குப் பாராசிட்டமால் தனியாகக் கொடுங்கள், டாக்டரைக் கேட்டு அளவு தெரிந்துகொண்டு. முழங்காலுக்கும் தோளுக்கும் வலி நிவாரண ஜெல் தடவலாம். தோல் வழி ரத்தத்தில் சேருவது கொஞ்சம்தான்.

வெண்ணாற்றங்கரை மருத்துவர்

ஜெல் பற்றிச் சொன்னது சரி. இங்கிலாந்தின் 2022 வழிகாட்டுதலிலும் முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் தடவும் மருந்துதான், அதோடு தொடைத் தசைக்குப் பயிற்சி. பாராசிட்டமாலைத் தனியாகத் தினமும் போடுவதால் தேய்மான வலிக்குப் பெரிய பயன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீரகத்துக்கு அது பாதுகாப்பானது, அவ்வளவுதான்.

ஊசி விஷயத்தில் நான் செய்வது: "போட மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினால் அவர் வேறு இடம் போவார். அதனால் உட்கார வைத்து, எங்கே வலி என்று கை வைத்துப் பார்த்து, சூடு ஒத்தடம் கொடுத்து, ஜெல் கொடுத்து, ரத்தம் எடுக்கிறேன். கை வைத்துப் பார்த்தாலே ஊசிக்கான பாதி நச்சரிப்பு அடங்கிவிடுகிறது. ஊசி கேட்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது, தங்கள் வலியை டாக்டர் நம்புகிறார் என்ற உறுதி.

பூச்சிமருந்து எதிர்ப்பு

எல்லோரும் வெயில், மாத்திரை என்றே பேசுகிறீர்கள். நம் மண்ணில் கொட்டிய களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் யாருக்கும் கண்ணில் படவில்லையா? இதே கிட்னி நோய் பரவியிருக்கும் ஆந்திராவின் உத்தானம், இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை, எல்லாம் விவசாயப் பகுதிகள். அனுராதபுரம் நம்மைப் போலவே நெல். இலங்கை 2015-இல் கிளைபோசேட்டைத் தடையே செய்தது. வெயில்தான் காரணம் என்றால் பரம்பரையாக வெயிலில் வேலை செய்த நம் பாட்டன்களுக்கு ஏன் வரவில்லை?

வலங்கைமான் பி.எச்.சி.

நியாயமான கேள்வி. பாட்டன் காலத்தில் யாருக்கும் கிரியாட்டினின் பார்க்கவில்லை. "உடம்பு வீங்கிச் செத்தார்", "சோகை பிடிச்சுச் செத்தார்" என்பார்கள். அதனால் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது, வந்தது என்றும் சொல்ல முடியாது.

இலங்கையில் நிலத்தடி நீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, கனரக உலோகம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் பல வருஷமாக ஆராய்ந்தார்கள். ஒற்றைக் காரணம் என்று எதையும் நிறுவ முடியவில்லை. தடையும் பின்னால் தளர்த்தப்பட்டது. அதற்காக மருந்து அடிப்பது பாதிக்காது என்று நான் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு, லுங்கியும் பனியனுமாக, முகமூடி இல்லாமல், காற்றுக்கு எதிரே நின்று அடிக்கிறவர்களை நானே பார்க்கிறேன். கையுறை, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் குளியல் ஆகியவை எந்தக் காரணம் நிரூபணமானாலும் தேவை. மருத்துவராக நான் இன்றைக்குக் குறைக்கக்கூடியது தண்ணீர் வற்றுவதையும் வலி மாத்திரையையும். அதில் தொடங்குகிறேன்.

பூச்சிமருந்து எதிர்ப்பு

தண்ணீரையும் சோதிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், பேச்சு இல்லை. கடைமடையில் ஆழ்குழாய் உப்பாகிவிட்டது. அதைத்தான் குடிக்கிறார்கள்.

தேடி வரும் அக்கா

மக்களைத் தேடி மருத்துவத்துல தன்னார்வலரா வேலை பார்க்குறேன். 2021ல திட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து வீடு வீடா பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை குடுக்குறோம். டாக்டருங்க எல்லாரும் தண்ணி குடிக்கச் சொல்றீங்க. பொம்பளைங்க ஏன் குடிக்கிறதில்லன்னு யாராவது கேட்டீங்களா?

நானும் கல்யாணத்துக்கு முன்னால நடவுக்குப் போனவதான். காலையில ஆறு மணிக்கு வயல்ல இறங்கினா ஒரு மணி வரைக்கும் ஏற மாட்டோம். முழங்கால் வரைக்கும் சேறு. சுத்திப் பத்து ஏக்கருக்கு ஒரு மரம் இருக்காது, வரப்பு மேல ஆம்பளைங்க நாத்துக்கட்டு தூக்கிட்டுப் போய்ட்டு வந்துட்டே இருப்பாங்க. எங்க போய் ஒதுங்குறது? அதனால காலையில வீட்டுலயே தண்ணி குடிக்காமக் கிளம்புவாங்க. இருபது பேருக்கு ரெண்டு குடத்துல தண்ணி வரும், அதுவும் வாய் நனைச்சுக்கத்தான். மாசவிலக்கு நாள்ல சொல்லவே வேணாம். நீர்க்கடுப்பு, அடிவயித்து வலின்னு என்கிட்டதான் முதல்ல வந்து சொல்வாங்க, ஆம்பள டாக்டர்கிட்ட சொல்ல மாட்டாங்க.

ஒரு மறைப்பு வேணுங்க. நாலு கம்பு, ஒரு படுதா போதும். அது இருந்தா தண்ணி குடிப்பாங்க. நூறு நாள் வேலையிலயாவது இதச் செய்யலாம்.

வெண்ணாற்றங்கரை மருத்துவர்

அக்கா, இந்த இழையில் எழுதியதிலேயே முக்கியமானது இதுதான். அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்கு எடுக்கும் மாத்திரைகளும் கெடுக்கலாம்.

நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதியிருந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆக, கேட்பதற்கு நமக்கு அடிப்படை இருக்கிறது. நிகராகுவாவில் ஒரு கரும்பாலையில் தண்ணீர், நகர்த்தக்கூடிய நிழல்பந்தல், கட்டாய இடைவேளை மூன்றையும் கூட்டியபோது அறுவடைக் காலத்தில் சிறுநீரகக் காயம் குறைந்தது. இதில் புது மருந்து எதுவும் கிடையாது.

எவ்வளவு குடிப்பது என்று கேட்பார்கள். கடும் வெயிலில் பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், கால் லிட்டர் அளவு. ஒரேயடியாக ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டருக்கு மேல் ஊற்றிக்கொள்ளக் கூடாது. உப்புப் போட்ட மோர், நீராகாரம் மிக நல்லது. கலர், கோலா வேண்டாம். வெயிலில் வேலை செய்துகொண்டே குளிர்பானம் குடித்தவர்களுக்குச் சிறுநீரகக் காயத்தின் அறிகுறிகள் கூடியதாக 2019-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. இதய பலவீனம் உள்ளவர், சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் கெட்டவர் இந்த அளவைப் பின்பற்றக் கூடாது, மருத்துவர் சொன்ன அளவுதான்.

வேதாரண்யம் உப்பு

உப்பளத்தையும் மறந்துடாதீங்க. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பார்த்தாங்க. பத்துல ஒன்பது பேர் வேலை செய்யறது பாதுகாப்பான வெப்ப அளவுக்கு மேல. 7 சதவீதம் பேருக்கு சிறுநீரகச் செயல்பாடு குறைஞ்சிருந்துச்சு. பாத்தியில நிக்கும்போது மேல வெயில், கீழ உப்புல பட்டுத் திரும்புற வெயில், ஒதுங்க நிழலே கிடையாது.

ஒரத்தநாடு டாக்டர்

பிரஷர் மாத்திரை பற்றி ஒரு கேள்வி. வயல் வேலை செய்யும் பிரஷர் நோயாளிக்கு நீரிறக்கும் மாத்திரை சேர்ந்த கலவையைத் தவிர்க்கலாமா? நீரிறக்கி இல்லாவிட்டால் கட்டுப்பாடு குறையுமோ என்று தயங்குகிறேன்.

வெண்ணாற்றங்கரை மருத்துவர்

தயங்க வேண்டாம். இந்தியாவிலேயே நடந்த டாப்ஸ்பின் ஆய்வு 2025-இல் நேச்சர் மெடிசினில் வந்தது. 32 மையங்கள், 1,981 நோயாளிகள். அம்லோடிபின்–பெரிண்டோப்ரில், அம்லோடிபின்–இண்டபமைடு, பெரிண்டோப்ரில்–இண்டபமைடு என்ற மூன்று கலவைகளும் ஒரே அளவுக்கு வேலை செய்தன. ஆகவே நீரிறக்கி இல்லாத முதல் கலவையை வயல்காரருக்குத் தேர்ந்தெடுப்பதால் எதையும் இழக்கவில்லை. இன்னொன்றும் உதவும். பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022-இல் வெளிவந்த டைம் ஆய்வில், பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. விடியற்காலை அவசரத்தில் மறந்துவிடும் நடவாட்களுக்கு நான் ராத்திரிச் சாப்பாட்டோடு போடச் சொல்கிறேன்.

வாந்தி, பேதி, கடுங்காய்ச்சல் வந்த நாட்களில் சார்ட்டன், பிரில் வகை பிரஷர் மாத்திரைகள், நீரிறக்கி, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், ஃபுளோசின் வகை மாத்திரைகளை நிறுத்தி, சாப்பாடும் தண்ணீரும் இயல்பாக இறங்கியபின் மறுபடி தொடங்க வேண்டும் என்று சீட்டின் பின்னால் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். எத்தனை நாளில் தொடங்குவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதனால் "ரெண்டு நாளில் வந்து காட்டவும்" என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரத்தநாடு டாக்டர்

நன்றி. ஃபுளோசின் என்றதும் அடுத்த கேள்வி. 2025 மார்ச்சில் எம்பாகுளிஃபுளோசின் காப்புரிமை முடிந்து, அறுபது ரூபாய்க்கு விற்ற மாத்திரை பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. எம்பா-கிட்னி ஆய்வில் சர்க்கரை இல்லாதவர்களுக்கும், புரதம் ஒழுகாதவர்களுக்கும் கொடுத்தார்களே. 6,609 பேர், நோய் முற்றுவதோ இதயச் சாவோ 28 சதவீதம் குறைந்தது. உங்கள் 48 வயது அம்மாவுக்குக் கொடுப்பீர்களா?

வெண்ணாற்றங்கரை மருத்துவர்

யோசித்தேன், சிறுநீரக மருத்துவரிடமும் கேட்டேன். கொடுக்கவில்லை, இப்போதைக்கு. அந்த ஆய்வில் வடிகட்டும் வேகம் 20-இலிருந்து 45 வரை இருந்தவர்களைப் புரதம் இல்லாமலும் சேர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் ஆடிமாத வெயிலில் சேற்றில் ஏழு மணி நேரம் குனிந்து நின்றவர்கள் இல்லை. இந்த மாத்திரை சிறுநீரோடு சர்க்கரையையும் நீரையும் வெளியே தள்ளும். பிரஷர் 110 இருக்கிறது, தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார், ஈரச் சேலையோடு நாள் முழுக்க நிற்பதால் பூஞ்சைத் தொற்றுக்கும் இடம் உண்டு. இப்படிப்பட்ட தொழிலாளர்களிடம் தனியாக ஆய்வு நடந்து பலன் தெரிந்தால் முதல் ஆளாக எழுதுவேன். சர்க்கரை நோயும் புரதமும் உள்ளவர்களுக்கு நான் தயங்குவதில்லை, விலை இறங்கியது அவர்களுக்குப் பெரிய வரம்.

வலங்கைமான் பி.எச்.சி.

காய்ச்சலையும் சொல்லிவிடுவோம். நடவு முடிந்த வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்போடு வருகிறவருக்கு எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். அது நேராகச் சிறுநீரகத்தைத் தாக்கும். புதர், வரப்புப் புல் ஓரம் வேலை செய்தவருக்கு உண்ணிக்காய்ச்சல். வேலூர் பக்கத்துக் கிராமங்களில் 37 ஊர்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2025 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. நாம் நினைப்பதைவிட எவ்வளவோ அதிகம் என்று அதில் தெரிகிறது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே கறுத்த சின்னப் புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். பெண் நோயாளிகளிடம் செவிலியர் பார்க்கலாம். இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் கேட்கும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். உண்ணிக்காய்ச்சல் முற்றிவிட்டால் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பதே மேல் என்று 2023-இல் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்த ஆய்வு காட்டியது.

நடப்பது என்ன? கடையில் "காய்ச்சல் செட்டு". அதிலும் ஒரு வலி மாத்திரை. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்து எங்களிடம் வருகிறார்கள்.

குடவாசல் பார்மசி

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு கொடுக்க மாட்டேன் என்று கடை வாசலில் எழுதி மாட்டுகிறேன். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் (ஓ.ஆர்.எஸ்.) கேட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் உலக சுகாதார நிறுவன முறைப் பொட்டலம் மட்டும். அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வந்த இனிப்புப் பானங்களை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்துவிட்டது. பழைய சரக்கு எங்காவது கிடந்தால் வாங்காதீர்கள்.

லோடுமேன் மகன்

அப்பாவுக்கு வாழைத்தண்டு ஜூஸ், நெருஞ்சில் கஷாயம் குடுக்கச் சொல்றாங்க. இளநீர் தினம் குடிக்கலாமா?

வெண்ணாற்றங்கரை மருத்துவர்

தம்பி, உங்கள் அப்பாவின் எண்ணுக்கு இளநீர் தாராளமாகக் குடிக்கலாம். வாழைத்தண்டைச் சமைத்துச் சாப்பிடலாம். ஆனால் சிறுநீரகம் உண்மையாகவே கெட்டவர்களுக்கு இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்தக்கூடும். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்காமல் அவர்களுக்குச் சொல்லாதீர்கள். கஷாயம், பஸ்பம், பெயர் தெரியாத சூரணம் எதுவும் வேண்டாம். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாததை அந்த உறுப்புதான் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

வலங்கைமான் டாக்டர், நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கோஷ்டியையாவது முழுதாகச் சோதிக்கலாமா? குடந்தை லேப் கைகொடுத்தால், பிரஷர், சர்க்கரை, சிறுநீர்க் குச்சியோடு கிரியாட்டினினும்.

குடந்தை லேப்

ரசாயனச் செலவு மட்டும் கொடுங்கள், ஆள் நான் அனுப்புகிறேன்.

தேடி வரும் அக்கா

டாக்டர், முகாம் வைக்கிறதா இருந்தா நடவு நடக்கும்போது வேணாம், ஒருத்தரும் வர மாட்டாங்க, ஒரு நாள் கூலி போயிடும். நடவு முடிஞ்சு களையெடுப்புக்கு இறங்குறதுக்கு முன்னால ரெண்டு வாரம் போல ஆளுங்க வீட்டுல இருப்பாங்க. அப்ப வையுங்க. பள்ளிக்கூடத்துல வேணாம், மாரியம்மன் கோயில் வாசல்ல வையுங்க, எல்லாரும் வருவாங்க. கங்காணி அம்மாகிட்ட முந்தின நாளே நான் சொல்லிடுறேன். பொம்பளைங்களுக்குத் தனியா ஒரு தடுப்பு வேணும்.

வெண்ணாற்றங்கரை மருத்துவர்

நீங்கள் சொன்ன அந்த இடைவெளிதான் ரத்தப் பரிசோதனைக்கும் ஏற்ற நேரம் அக்கா. உடம்பு ஓய்ந்திருக்கும், எண் நம்பகமாக இருக்கும். அதே ஆட்களை நடவு மும்முரத்தில் சாயங்காலம் இன்னொரு முறை பார்த்தால், வேலை எவ்வளவு ஏற்றுகிறது என்றும் தெரிந்துவிடும். அந்த இரண்டாம் முறைக்கு நாங்களே வீட்டுக்கு வருகிறோம், யாரும் கூலியை இழக்க வேண்டாம். கங்காணி அம்மாவிடம் கேட்டுவிட்டு, எத்தனை பேர், யார் யார் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பெயர்களை இங்கே பொதுவில் போட வேண்டாம்.